வேலியில் முருங்கை இருந்தும் பிள்ளைக்கு ஏன் வைட்டமின் ஏ குறைகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மானாவாரி ஊர், கூலிக்குப் போகும் வீடுகள், வேலியோரமெல்லாம் முருங்கை. சின்னப் பிள்ளைகள் தின்பது ரசஞ்சோறும் டீயில் தோய்த்த ரொட்டியும். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறார்கள். "கீரையைக் கொடுத்தாலே போதாதா, அந்த மருந்து அவசியம்தானா, இரண்டும் சேர்ந்தால் அதிகமாகிவிடாதா?" என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கீரையா மருந்தா என்ற கேள்வி. ஆனால் உங்கள் சந்தேகம் அதற்கும் அடியில் இருக்கிறது. இலை வாசலிலேயே கிடக்கும்போது பிள்ளை உடம்பில் அது ஏன் சேரவில்லை? அதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கீரையில் வைட்டமின் ஏ கிடையாது. இருப்பது பீட்டா கரோட்டின். குடலில் அது வைட்டமின் ஏ-வாக மாறவேண்டும், அந்த மாற்றத்தில் பெரும்பகுதி வீணாகிறது. ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்க உணவிலுள்ள கரோட்டின் 6 மைக்ரோகிராம் போதும் என்று முன்பு கணக்கிட்டார்கள். 2001 முதல் அமெரிக்கக் கணக்கு 12 என்கிறது. கீரைக்கு மட்டும் தனியாக அளந்த சில ஆய்வுகளில் 20-ஐயும் தாண்டியது. காரணம், கரோட்டின் இலையின் பச்சையத்தோடு புரதத்தில் சிக்கிக் கிடப்பதுதான். மாம்பழத்திலும் பப்பாளியிலும் அது எண்ணெய்த் துளிகளில் கரைந்திருப்பதால் எளிதில் வெளிவருகிறது. முட்டை, பால், ஈரல் ஆகியவற்றில் உள்ளதோ நேரடி வைட்டமின் ஏ. அதற்கு இந்த மாற்றமே தேவையில்லை.

இப்போது முருங்கைக் கீரையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப் பழைய உணவு அட்டவணை 100 கிராம் பச்சை இலையில் கரோட்டின் சுமார் 6,800 மைக்ரோகிராம் என்றது. 2017-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணை சுமார் 17,500 என்கிறது. மரம், பருவம், கொழுந்தா முற்றலா, எந்த முறையில் அளந்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்து இந்த எண் இப்படித்தான் ஊசலாடும். ஒரு பிள்ளை 30 கிராம் பச்சை இலையைத் தின்கிறது என்று வையுங்கள். வெந்து மசிந்தால் அது இரண்டு மேசைக்கரண்டிதான். குறைந்த எண்ணை வைத்து, 24-க்கு 1 என்று கறாராகக் கணக்கிட்டால் கிடைப்பது 85 மைக்ரோகிராம். கூடிய எண்ணை வைத்து 12-க்கு 1 என்று தாராளமாகக் கணக்கிட்டால் 437. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 300 முதல் 400. ஆகவே தினமும் 30 கிராம் உள்ளே போனால், நல்ல நிலையில் கீரை மட்டுமே கூடப் போதலாம். மோசமான நிலையில் கால்வாசிதான் தேறும். "முருங்கை இருக்கக் கவலை எதற்கு" என்பதும் சரியில்லை, "கீரையால் ஒன்றும் ஆகாது" என்பதும் சரியில்லை.

ஆனால் தினமும் 30 கிராம் உள்ளே போகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு வீட்டில் கீரை ஆக்கும் நாளில் அடுப்படியில் நின்று பாருங்கள். கீரை பெரியவர்கள் தட்டுக்குப் போகும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பருப்பின் மேலாக நிற்கும் தண்ணீரை வடித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவார்கள். "கீரை கொடுத்தால் வயிறு போகும்", "சாயங்காலத்துக்கு மேல் கீரை ஆகாது" என்ற பேச்சு ஒரு பக்கம். கூலி வேலைக்குப் போன தாய் திரும்பி வந்து சமைப்பதே சாயங்காலத்துக்கு மேல்தான். ஆக, கீரை வெந்த அன்றும் பிள்ளை வாய்க்கு எட்டுவது ரசம்தான். அக்கறைக் குறைவு என்று யாரையும் சொல்ல இதில் ஒன்றுமில்லை. பிள்ளைக்குச் செரிக்காது என்ற பயம்தான் காரணம். மலத்தில் பச்சைத் துணுக்கைப் பார்த்ததும் அந்தப் பயம் உறுதியாகிவிடுகிறது. பச்சைத் துணுக்கு வந்தால் இலை சரியாக மசியவில்லை என்று அர்த்தம், வயிறு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இதைப் பாட்டிமாரிடம் பொறுமையாகச் சொன்னால் கேட்கிறார்கள்.

ஆக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதி நட்டம் அங்கேதான் ஏற்படுகிறது. இலையைக் காம்பில்லாமல் உருவவேண்டும். பிள்ளை தொண்டையில் சிக்கிக் குமட்ட வைப்பது இலையை விட அந்த நார்க்காம்புதான். ஒரு முறை ஓக்களித்த பிள்ளை பிறகு ஒரு மாதத்துக்குக் கீரையைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். பெரியவர் கையால் ஒரு கைப்பிடி இலை சுமார் 20 கிராம் வரும், ஒன்றரைக் கைப்பிடி எடுங்கள். பொடியாக நறுக்கி, வெந்த பாசிப்பருப்பில் கடைசியாகப் போட்டு, மூடி வைத்து ஐந்தாறு நிமிடம் வேகவிட்டால் போதும். பிறகு மத்தால் நன்றாகக் கடையவேண்டும். கடையக் கடையத்தான் இலையின் அணுச்சுவர் உடைந்து கரோட்டின் வெளியே வரும். முழு இலையாகப் போட்டு வதக்கிய பொரியலுக்கும் கடைந்த கீரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ பிள்ளையின் பங்கில் கட்டாயம் சேர்க்கவேண்டும். வைட்டமின் ஏ-வும் கரோட்டினும் கொழுப்பில் மட்டுமே கரைந்து உள்ளே போகும். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் எண்ணெய் இருந்தால் உறிஞ்சுவதற்குப் போதும், அதற்கு மேல் ஊற்றுவதால் பெரிய கூடுதல் பலன் இல்லை. ஏழை வீட்டில் சிக்கனம் பிடிக்கும் முதல் பொருள் எண்ணெய். எண்ணெய் இல்லாத கீரையில் இருக்கும் கொஞ்ச நஞ்சமும் மலத்தோடு போய்விடும். ஏழாம் மாதத்தில் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு வயதுக்குள் இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொண்டுவரலாம். கசப்பு பிடிக்காவிட்டால் கொழுந்தாகப் பறியுங்கள், அல்லது முருங்கையை விட்டு அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இலையைக் காயவைத்துப் பொடியாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் நிழலில்தான் காயவைக்கவேண்டும். வெயிலில் காய்ந்த இலையில் கரோட்டின் பெரும்பாலும் அழிந்துவிடும், அப்போது மிஞ்சுவது இரும்பும் சுண்ணாம்பும்தான்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. பீட்ரூட்டின் சிவப்பு, மஞ்சள் தூளின் மஞ்சள் இரண்டுக்கும் வைட்டமின் ஏ-வோடு சம்பந்தமில்லை. தக்காளியின் சிவப்பும் பெரும்பாலும் லைக்கோபீன், அது வைட்டமின் ஏ-வாக மாறாது. முருங்கைக் காயிலும் அதிகம் கிடையாது, இலையில்தான். சோற்றில் சுத்தமாக இல்லை. மஞ்சள் பூசணி, கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உண்டு. மாம்பழம் அதன் பருவத்தோடு முடிந்துவிடும். பப்பாளி மரம் ஒன்று கொல்லையில் இருந்தால் ஆண்டு முழுக்கப் பழம் தரும், குளிக்கும் தண்ணீரே அதற்குப் போதும். மோரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாலிலுள்ள வைட்டமின் ஏ அதன் கொழுப்பில் இருக்கிறது. வெண்ணெயைக் கடைந்தெடுத்து விற்றுவிட்டுப் பிள்ளைக்கு மோர் கொடுக்கும் வீட்டில், வைட்டமினும் வெண்ணெயோடு சந்தைக்குப் போய்விடுகிறது.

ஒரு வாரக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 2,100 முதல் 2,800 மைக்ரோகிராம் வேண்டும். முன் சொன்ன 30 கிராம் கீரை வாரம் நான்கு நாள் என்றால், பழைய அட்டவணையின் குறைந்த எண்ணைக் கொண்டு 340 முதல் 680 கிடைக்கும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் 3 முட்டை. ஒன்றுக்கு 75 என்றால் 225. நாளொன்றுக்குப் பிள்ளைக்குச் சேரும் எண்ணெய் 10 கிராம் என்று வைத்து, அது வைட்டமின் ஏ சேர்த்த எண்ணெயாக இருந்தால், கிராமுக்குக் குறைந்தது 6 என்ற அரசுத் தரப்படி வாரத்துக்கு 420. இவ்வளவும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,000 முதல் 1,300, அதாவது தேவையில் பாதி. இத்தோடு கோழி ஈரல் 25 கிராம், வாரம் ஒரே ஒரு முறை சேர்த்தால் இன்னும் 800 கூடும். ஆட்டு ஈரலாக இருந்தால் அதே 25 கிராமில் அதைப்போல இரண்டு மடங்கு. கறிக்கடையில் கோழி ஈரல் கறியை விட மலிவு. நன்றாக வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளையும் சாப்பிடும். மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுக்கும் பழைய வைத்தியம் முழுக்க உண்மை. அப்படிச் சுட்டுக் கொடுத்த பாட்டிக்குக் கரோட்டின் கணக்குத் தெரியாது, ஆனால் எதைக் கொடுத்தால் அந்தியில் பிள்ளைக்குக் கண் தெரியும் என்று தெரிந்திருக்கிறது.

அந்தக் கணக்கில் நான் விட்டுவைத்தது தாய்ப்பால். வறுமையில் இருக்கும் தாயின் பாலில் வைட்டமின் ஏ குறைவுதான், 100 மில்லிக்கு 30 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஆனாலும் ஒரு வயதுக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளை நாளைக்கு அரை லிட்டர் குடித்தால் 150 கிடைக்கும், வாரத்துக்கு 1,050. கொழுப்போடு கலந்தே வருவதால் நன்றாக உறிஞ்சவும் படும். ஏழை வீட்டில் இரண்டு வயது வரை பால் நிறுத்தாமல் இருப்பதை விடப் பெரிய வைட்டமின் ஏ திட்டம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இது இன்னும் செறிவாக இருக்கும். அதைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் முதலில் நிறுத்தவேண்டியது அதைத்தான். அடுத்த பிள்ளை உண்டானதும் முதல் பிள்ளைக்குப் பாலை வெடுக்கென்று நிறுத்தி டீக்கு மாற்றும் வீடுகளில்தான், இரண்டு முதல் மூன்று வயதுக்குள் கண்ணில் கோளாறு தலைகாட்டும்.

எண்ணெய் வாங்கும்போது பாக்கெட்டில் நீல நிறத்தில் எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வைட்டமின் ஏ-வும் டி-யும் சேர்த்ததற்கு அதுவே அடையாளம். பாமாயிலுக்கு இயல்பாகவே கரோட்டினால் செந்நிறம் உண்டு. சுத்திகரித்து வெளுக்கும்போது அது முழுக்கப் போய்விடும், பிறகு சேர்த்தால்தான் உண்டு. அந்தப் பாக்கெட்டை வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் வெயிலில் வைத்தால் சேர்த்ததும் கரைந்துவிடும். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். வடை பஜ்ஜி சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் வைட்டமின் ஏ-வை எதிர்பார்க்க முடியாது. பால் பாக்கெட்டிலும் இதே முத்திரை சிலவற்றில் இருக்கும், லிட்டருக்கு 270 முதல் 450 மைக்ரோகிராம் வரை சேர்ப்பது தரம்.

உள்ளே போனது தங்குவதைக் கெடுப்பவை வேறு. வயிற்றுப்போக்கில் உறிஞ்சுதல் குறையும். நாக்குப்பூச்சி கொழுப்பை உறிஞ்ச விடாது. 1998-இல் வெளியான மேற்கு சுமத்ரா ஆய்வொன்றில், பிள்ளைகளுக்குக் கரோட்டின் உள்ள உணவோடு கொழுப்பைச் சேர்த்ததும் பூச்சி மருந்து கொடுத்ததும் தனித்தனியே பலன் தந்தன. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அல்பெண்டசோல் 200 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை பொடித்து நீரில் கலந்து கொடுப்பார்கள். இரண்டுக்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். எல்லாவற்றையும் விடக் கொடியது தட்டம்மை. பிள்ளையின் ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ சேமிப்பை அது சில நாளில் வாரிக்கொண்டு போய்விடும். அரைகுறைச் சேமிப்போடு இருந்த பிள்ளை தட்டம்மைக்குப் பிறகு பார்வையை இழக்கக்கூடும். தட்டம்மை தடுப்பூசியும் வைட்டமின் ஏ-வின் முதல் தவணையும் ஒன்பதாம் மாதத்தில் ஒன்றாக வருவதற்கு இதுவும் ஒரு பொருத்தம்.

இனி அந்தத் திரவம். இந்தியாவில் 1970-இல் குருட்டுத்தனத்தைத் தடுக்கும் திட்டமாகத் தொடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் அலகு, அதாவது 1 மில்லி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு, அதாவது 2 மில்லி, ஐந்து வயது வரை. மொத்தம் 9 தவணை. 2 லட்சம் அலகு என்பது 60,000 மைக்ரோகிராம். ஆறு மாதத்தின் 180 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 333 வரும். ஒரு பிள்ளையின் தினசரித் தேவைக்கு ஏறக்குறைய சரிசமம். ஈரலில் சேர்த்து வைத்து மெல்ல மெல்ல விடுவிக்கும் சத்து என்பதால்தான் இப்படி மொத்தமாகக் கொடுக்க முடிகிறது. ஆனால் ஊற்றியது முழுதும் தங்குவதில்லை, சுமார் பாதிதான் சேமிப்பாகும். ஆறாவது மாதத்துக்குள் காலியாகிவிடும் பிள்ளைகளும் உண்டு. அப்படியானால், உணவு அறவே மோசமாக உள்ள வீட்டில் மருந்து இடைவெளியை அடைக்கும் பாலம். உணவு சீரான வீட்டில் அதன் கூடுதல் பயன் குறைவு, தீங்கும் இல்லை.

இது உயிரைக் காக்குமா என்பதில்தான் உண்மையான தகராறு. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மாலைக்கண்ணை வைட்டமின் ஏ குணப்படுத்தும், கண் வறண்டு குருடாவதைத் தடுக்கும். இதில் யாருக்கும் ஐயமில்லை. இறப்பு விஷயம் அப்படியல்ல. 1986-இல் இந்தோனேசியாவின் அச்சே பகுதி ஆய்வில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. 1990-இல் நம் திருச்சி மாவட்டக் கிராமங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. அதே 1990-இல் ஐதராபாத் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் பிள்ளைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் குறைந்தது 4 சதவீதம்தான். அங்கே மருந்து உண்மையில் எத்தனை பிள்ளைகள் வாயில் போனது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு மறுஆய்வு 12 சதவீதம் என்கிறது.

இதில் திருச்சி ஆய்வை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பேன். ஐதராபாத்தில் கொடுத்தது ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய தவணை. திருச்சியில் வாராவாரம் 8,333 அலகு, அதாவது 2,500 மைக்ரோகிராம். நாளுக்கு 357. ஒரு வாரத்தின் சாப்பாட்டில் இருந்திருக்கவேண்டிய அளவை ஒரு கரண்டியில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய தவணைக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை, குறைந்த அளவும் விடாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வாரந்தோறும் ஒரு பணியாளர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்ததாலும் பலன் கூடியதா என்று கேட்கலாம். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே வருகை நடந்ததால் வித்தியாசத்துக்கு அது விடையாகாது.

கீரை பற்றியும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1995-இல் மேற்கு ஜாவாவில், பாலூட்டும் தாய்மாருக்குத் தினமும் கீரை வதக்கிக் கொடுத்தும் வைட்டமின் ஏ நிலை உயரவே இல்லை என்ற முடிவு பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பின்னர் வங்கதேசத்தில், நன்றாக வேகவைத்துக் கூழாக மசித்த கீரையை இரண்டு மாதம் கொடுத்தபோது உடலின் மொத்தச் சேமிப்பு உயர்ந்தது. நான் மத்தை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். சேலத்தில் பிறந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய சி. கோபாலன், மருந்தை நம்பி உணவைக் கைவிடக்கூடாது என்று கடைசி வரை வாதிட்டார். 2016-18 தேசிய ஆய்வில், நாட்டில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதத்தினருக்குக் குறை இருந்தது. ஜார்க்கண்டில் 43 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள இடத்தில்தான் எல்லாருக்கும் மருந்து என்கிறது. ஆகவே எல்லா மாநிலத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் இன்னும் ஊற்றவேண்டுமா என்று கேட்பவர்கள் பொறுப்பில்லாமல் கேட்கவில்லை. ஆனால் மாநில சராசரியில் உங்கள் கூலிக்காரத் தெரு கரைந்து போய்விடும். அந்தத் தெருவில் ஊற்றுவதை நிறுத்தும்படி நான் சொல்லமாட்டேன்.

அதிகமாகிவிடுமா என்றீர்கள். கீரையாலும் பழத்தாலும் ஒருபோதும் ஆகாது. தேவைக்கு மேல் உடல் கரோட்டினை மாற்றுவதில்லை, மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவே. முறைப்படி கொடுத்த திரவத்தால் சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாள் வாந்தியும் தலைவலியும் வரும், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி சற்றுப் புடைக்கும், தானாக அடங்கிவிடும். ஆபத்து அளவு தவறும்போதுதான். 2001-இல் அசாமில் நடந்த முகாமில், வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி குவளை வந்தது. பல பிள்ளைகள் நோயுற்றதும் இறப்புகள் பற்றிய செய்தியும் பெரும் சர்ச்சையாயின. ஆகவே பாட்டிலோடு வரும் கரண்டியைத் தவிர வேறு எதிலும் ஊற்றவிடாதீர்கள். 1 மில்லிக் கோடு எது, 2 மில்லி எது என்று பாருங்கள். திறந்த பாட்டிலில் தேதி எழுதி இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடவேண்டும், வெயில் படக்கூடாது. தவணையைத் தாய் சேய் அட்டையில் உடனே குறிக்கவேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு முறை வாங்குவதும், ஒன்றுமே வாங்காமல் போவதும் அட்டை இல்லாததால்தான். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடும் பிள்ளைகளும், அங்கன்வாடிக்கு இன்னும் வராத ஒன்று இரண்டு வயதுப் பிள்ளைகளுமே பெரும்பாலும் விடுபடுகிறார்கள். மிக அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். இன்னொன்று, கர்ப்பிணிகள் இந்தத் திரவத்தைத் தொடவே கூடாது. நேரடி வைட்டமின் ஏ நாளுக்கு 10,000 அலகைத் தாண்டினால் கருவுக்குக் கேடு.

உங்கள் ஊரில் நிலை எப்படி என்று அறிய ரத்தம் எடுக்கத் தேவையில்லை. ரத்த அளவு காய்ச்சலிலும் தொற்றிலும் தானாகவே இறங்கிக் காட்டும், தனிப் பிள்ளைக்கு அதை நம்ப முடியாது. தாய்மாரிடம் கேளுங்கள்: "பகலில் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா? பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாறுகிறதா? மற்றப் பிள்ளைகள் அந்தியில் ஓடியாடும்போது இது மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறதா, எதிரே வைத்த சோற்றைக் கையால் துழாவுகிறதா?" இரண்டு வயதுக்கு மேல் உள்ள 100 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி இருந்தாலே அது ஊர்ப் பிரச்சினை. கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கருவிழிக்கு வெளிப்பக்கம், காதுப் புறமாக, வெள்ளை விழியின் மேல் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியதுபோல் முக்கோணமாகச் சின்னத் திட்டு தெரிந்தால் அது பிட்டோ புள்ளி. துடைத்தாலும் திரும்ப வரும். சற்றுப் பெரிய பிள்ளைகளில் பழைய புள்ளி, குறை தீர்ந்த பின்னும் அப்படியே நிற்பதுண்டு, அதனால் புள்ளி இருப்பதாலேயே இன்றைக்கும் குறை இருப்பதாக முடிவு கட்டமுடியாது.

மாலைக்கண்ணோ புள்ளியோ தெரிந்தால் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் அலகு முதல் நாள், மறுநாள், இரண்டு வாரம் கழித்து என்று மூன்று முறை கொடுப்பார்கள். 6 முதல் 11 மாதம் வரை ஒவ்வொரு முறையும் அதில் பாதி. மாலைக்கண் ஓரிரு நாளில் தெளியும். தட்டம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள். கருவிழி பொலிவிழந்து மங்கினாலோ, பிள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணைத் திறக்க மறுத்தாலோ நேரம் மணிக்கணக்கில் எண்ணவேண்டியது. அந்தக் கருவிழி ஒரே நாளில் உருகிவிடக்கூடும். கண்ணைக் கசக்காமல், இலைச்சாறோ தாய்ப்பாலோ எதையும் விடாமல், முதல் தவணையை வாயில் கொடுக்கச் செய்து நேரே கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். கண்ணைப் பார்க்காமல் எழுத்தில் இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இராது, பார்த்தவர் சொல்வதையே கேளுங்கள்.

ஊரில் எங்கே தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால் நிறுத்திய, இன்னும் அங்கன்வாடிக்கு வராத ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதுங்கள். சின்ன ஊரில் பத்துப் பதினைந்துக்கு மேல் வராது. அவர்கள் அட்டையில் தவணை விழுந்திருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். பிறகு அந்த வீடுகளில் சாயங்காலம் கீரை கடையும் நேரத்துக்குப் போய், இரண்டு மேசைக்கரண்டி எவ்வளவு என்று அவர்கள் வீட்டுக் கரண்டியிலேயே அளந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பிள்ளையின் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பரிமாறுவது அதற்குப் பிறகு.